இரண்டு மூலைகளில் மஞ்சள்

அடுப்பை அணைத்த பிறகுதான் எலுமிச்சம்பழச் சாற்றை ஊற்ற வேண்டும், எண்ணெய் கொதிக்கும்போது ஊற்றினால் கசந்துபோகும், இந்தச் சின்ன விஷயம்கூட இந்த வீட்டில் என்னைத் தவிர ஒருவருக்கும் தெரியாது, தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் யாருக்கும் வந்ததில்லை, வேதாதான் இருக்கிறாளே. இருபது பழம். பதினொன்று பிழிந்தாயிற்று. நேற்று தேங்காய் துருவும்போது விரலில் பட்ட கீறலில் சாறு இறங்கி எரிகிறது, எரியட்டும், அது எரிந்தால் மற்றது கொஞ்சம் மறக்குமா என்று பார்க்கிறேன், மறக்க விட்டால்தானே, சமையலறை வாசலுக்கு நேர் எதிரே, டிவியை மறைத்துக்கொண்டு, ஆறடி உயரத்துக்கு நிற்கிறது அந்த ஃபிளெக்ஸ். அண்ணனுக்கு இன்று எழுபத்தைந்து முடிகிறது. எட்டரைக்கு வேன் வரும், எல்லாரும் முக்கொம்புக்குப் போகிறோம், ஆற்றோரம் ஜமுக்காளம் விரித்து, பழைய மாதிரி வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போகும் சாப்பாடு, பழைய படங்கள், பழைய கதைகள். எல்லாம் யாழினியின் ஏற்பாடு. அண்ணனின் பேத்தி, முரளியின் பெண், பெங்களூரில் வேலை. அவள் அப்பா கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு அவளும் என்னை அத்தை என்றுதான் கூப்பிடுகிறாள். நல்ல பெண். அவள்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. ஆக்ரா போனபோது எடுத்த படத்தைப் பெங்களூரிலேயே ஃபிளெக்ஸாக அடித்து, சுருட்டி ரயிலில் தூக்கிக்கொண்டு வந்து, காலை ஆறு மணிக்கு ஹாலில் விரித்து நிறுத்தினாள். "அத்தை, வந்து பாருங்களேன். குடும்பம் மொத்தமும் இருக்கிற ஒரே படம் இதுதான். நீங்க எவ்ளோ அழகா சிரிக்கிறீங்க! வேற எந்தப் படத்துலயும் ஒங்க பல்லே தெரியல அத்தை." முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். பார்க்காமலே இருந்திருக்கலாம்.

தாஜ்மகாலுக்கு முன்னால் ஐந்து பேர். அண்ணன், மூன்று வருஷத்துக்கு முன்னால் போய்ச் சேர்ந்த விசாலம் அண்ணி, அண்ணியின் இடுப்பில் கலா, அரைக்கால் சட்டையில் முரளி, ஓரத்தில் நான். எண்பத்து மூன்று டிசம்பர், எனக்கு இருபத்தேழு வயது. போஸ்ட் கார்டு அளவில் சட்டம் போட்டு இந்தப் படம் நாற்பத்தொரு வருஷமாக இதே குடும்பத்தின் சுவர்களில் தொங்குகிறது, பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸ் சுவரில், பிறகு கே.கே. நகரில் இந்த வீட்டுச் சுவரில், வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை நான்தான் ஈரத்துணியால் துடைக்கிறேன், துடைத்தேனே தவிர பார்த்தேனா, முகமெல்லாம் நகத்தளவு, அண்ணனின் சட்டைப்பை ஒரு மிளகளவு. இப்போது அந்தச் சட்டைப்பை என் கண்ணுக்கு நேரே, என் உள்ளங்கை அகலத்துக்கு நிற்கிறது. அதிலிருந்து ஒரு விரற்கடை வெளியே எட்டிப் பார்க்கிறது ஓர் இன்லாண்டு லெட்டர். நீலம். இடது மூலையில் மஞ்சள். வலது மூலையில் மஞ்சள். யாழினியிடம் கேட்டேன், குரல் நடுங்காமல்தான் கேட்டேன், "கலர் நீ ஏதாவது போட்டியாம்மா?" "இல்லத்தை, இருக்கிற கலரத்தான் கொஞ்சம் தூக்கிக் காட்டியிருக்கேன்." அவள் குளிக்கப் போனதும் அண்ணன் பேப்பர் படிக்கிற பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு போய்ச் சுவரில் தொங்கும் பழைய படத்தையும் பார்த்தேன். இரண்டு புள்ளி. கடுகைவிடச் சின்னதாக இரண்டு மஞ்சள் புள்ளி. வெள்ளிக்கிழமைதோறும் நான் துடைத்துத் துடைத்துப் பளிச்சென்று வைத்திருந்த புள்ளி.

மஞ்சள் தடவிய கடுதாசி என்றால் கல்யாணக் கடுதாசி, அதைச் சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். அந்த வருஷம் ஐப்பசி கடைசியில் திருவையாற்றிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். பையன் பெயர் பஞ்சநதம், பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், ஒடிசலாக, கழுத்துப் பட்டன் வரைக்கும் போட்டுக்கொண்டு வந்திருந்தார். கேசரியை ஒரு வாய் வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்து, "இது நீங்க கிண்டுனதா?" என்றார். ஆமாம் என்று தலையாட்டினேன். "இன்னும் கொஞ்சம் கெடைக்குமா?" என்றார். பெண் பார்க்க வந்த இடத்தில் எந்த மாப்பிள்ளையாவது இரண்டாம் தடவை கேசரி கேட்பானா, அவருடைய அம்மா அவரை ஒரு முறை முறைத்தார், எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்க முடியாமல் பல் தெரியச் சிரித்துவிட்டேன். எனக்குத் தெத்துப்பல். போகும்போது அந்த அம்மா வாசலில் நின்று அண்ணனிடம் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "எங்களுக்குப் புடிச்சிருந்தா நாலு மூலையிலயும் மஞ்சத் தடவிக் கடுதாசி போட்டுருவோம் தம்பி. மார்கழி பொறக்குறதுக்குள்ள வந்து தட்டு மாத்திக்கலாம். கடுதாசி வரலேன்னா தப்பா எடுத்துக்காதீங்க. வேணாம்னு எழுதி ஒரு பொண்ணு மனச நோகடிக்கிற பழக்கம் எங்க வீட்டுல கெடையாது." அண்ணனும் கும்பிட்டு அனுப்பினார். கடுதாசி வரவில்லை. நாற்பத்தொரு வருஷமாக வரவில்லை. வந்து சட்டைப்பையில் நிற்கிறது.

பன்னிரண்டாவது பழம். விதை உள்ளே விழுந்துவிட்டது, எடுக்க வேண்டும், விதை கடிபட்டால் வாயெல்லாம் கசக்கும். நில்லு, நிதானமாக யோசி வேதா, ஊரில் எத்தனையோ கடுதாசி, ரயில்வே ஆளுக்கு யூனியன் கடுதாசி வரும், சொந்தக்காரன் கடுதாசி வரும், யார் வீட்டுக் கல்யாணத்துக்கோ எவனோ எழுதியிருப்பான். அப்படியே இருந்தாலும் அதை ஏன் ஆக்ரா வரைக்கும் தூக்கிக்கொண்டு போக வேண்டும். சரி, மஞ்சளே இல்லை என்று வை, சாப்பாட்டுக் கறை என்று வை, அந்தப் பயணத்திலும் எலுமிச்சம்பழச் சாதம் கட்டினேனே, அண்ணன் சாப்பிட்ட கையோடு பையைத் தொட்டிருக்கலாமே, எப்போதும் அப்படித்தானே, கை கழுவுவதற்குள் நாலு இடத்தைத் தொட்டுவிட்டுத்தான் கழுவுவார். இதோ என் விரலைப் பார், பிழிந்த சாற்றை ஒவ்வொரு பங்கு சாதமாகக் கலக்கிய கை, நகக்கண்ணெல்லாம் மஞ்சள், காகிதத்தைத் தொட்டால் ஒட்டத்தான் செய்யும். இப்படி ஒரு வழியை நானே வெட்டி வைத்துக்கொண்டு அதற்குள் நுழையப் பார்த்தேன், அப்பாடா என்று மூச்சுகூட விட்டேன், விட்ட மூச்சு பாதியில் நின்றுவிட்டது. ஏனென்றால் சாப்பாடு எனக்குத் தெரியும். மற்றவர்களுக்கு ஊர்தான் ஞாபகம் இருக்கும், எனக்கு ஊரெல்லாம் தூக்குச்சட்டிக்குள் இருக்கிறது. மைசூர் அரண்மனை என்றால் தக்காளித் தொக்கு. கன்னியாகுமரி என்றால் எண்ணெய் ஒழுகி முரளியின் புதுச்சட்டையைக் கெடுத்த மிளகாய்ப்பொடி இட்லி. ஊட்டி என்றால் குளிரில் விறைத்துப்போய் யாரும் தொடாமல் திரும்பி வந்த சப்பாத்தி. எந்தப் படத்தை எடுத்தாலும் என் கையில் ஒரு தூக்குச்சட்டியோ பையோ இருக்கும், கீழே வைத்துவிட்டு நில்லு என்று யாரும் சொன்னதில்லை. ஆக்ரா போக இரண்டு நாளைக்குமேல் ரயில், சென்னையில் மாறி ஜி.டி. எக்ஸ்பிரஸ். முதல் ராத்திரி பொடி இட்லி. மறுநாள் மத்தியானம் எலுமிச்சம்பழச் சாதம், அது நிற்காது, ஊசிப்போகும், விஜயவாடா வருவதற்குள் காலி பண்ண வேண்டும் என்று நானே எல்லார் தட்டிலும் மிச்சத்தைத் தள்ளினேன். அன்று ராத்திரி தயிர்சாதம், கிளம்பும்போது சாதத்தில் பாலை ஊற்றி ஒரு கரண்டி மோர் மட்டும் விட்டுப் பிசைந்தால் போகிற வழியில் அதுவே தோய்ந்துகொள்ளும். அதற்கு அப்புறம் கடைசி வரைக்கும் புளியோதரைதான். தாஜ்மகால் அன்றைக்குத் தின்றது புளியோதரை. புளியோதரைக் கறை மஞ்சளாகவா இருக்கும், காப்பிப்பொடி நிறத்தில் எண்ணெய் கோர்த்துக்கொண்டு இருக்கும். அதுவும் போகட்டும், அந்தச் சட்டை, வெள்ளை டெரிகாட்டன், தாஜ்மகாலுக்கென்று பெட்டியிலிருந்து அன்று காலையில் எடுத்துப் போட்டது, நான்தான் எடுத்துக் கொடுத்தேன், மடிப்புக்கூடக் கலையவில்லை படத்தில். அப்படியானால் ரயிலில் போட்டிருந்த சட்டையிலிருந்து எடுத்து இந்தச் சட்டைக்கு மாற்றி வைத்திருக்கிறார். சட்டைக்குச் சட்டை மாற்றி வைத்திருக்கிறார். பத்திரமாக. நான் பார்த்துவிடக் கூடாது என்று.

மாற்றி வைத்திருக்கிறான். இத்தனை வயதில் முதல் தடவையாக மனசுக்குள் அண்ணனை அவன் என்று சொல்கிறேன். நன்றாகத்தான் இருக்கிறது சொல்ல. இன்னொரு தடவை சொல்கிறேன், மாற்றி வைத்திருக்கிறான், திருட்டுப் பயல், இரு இரு, சாதத்தை இப்படி அழுத்தினால் குழைந்துவிடும், விரலை விரித்துப் புரட்ட வேண்டும். கிளம்புகிற அன்று சாயங்காலம் ரிக்ஷா வாசலில் நின்றது, போஸ்ட்மேன் ஆரோக்கியசாமி சைக்கிளை ஒரு காலில் ஊன்றிக்கொண்டு அண்ணனிடம் எதையோ நீட்டினார், நான் உள்ளேயிருந்து புளியோதரைத் தூக்கோடு ஓடி வந்தேன், "என்னண்ணா?" என்றேன், "யூனியன் கடுதாசி, ஏறு ஏறு" என்றார். இது நிஜமாக நடந்ததா, இல்லை ஃபிளெக்ஸைப் பார்த்த பிறகு நானாக உண்டாக்கிக்கொண்டதா. ஆரோக்கியசாமியின் காலில் ரப்பர் செருப்பு இருந்தது, வார் அறுந்து ஊக்கு குத்தியிருந்தது. இல்லாததை உண்டாக்குகிறவளுக்கு அறுந்த வார் எதற்கு. நடந்ததுதான். அந்த ரிக்ஷாவை அப்படியே திருப்பியிருக்கலாம். ஆனால் பாஸ் போய்விடுமே! ரயில்வேக்காரனுக்கு வருஷத்துக்கு இத்தனை என்று இலவசப் பாஸ், டிசம்பருக்குள் போகாவிட்டால் அந்த வருஷத்தது வீண், அதை வீணாக்குவது பொன்மலையில் சாதத்தைக் குப்பையில் கொட்டுவதற்குச் சமம், எந்த வீட்டிலும் செய்ய மாட்டார்கள். லீவு சாங்ஷன் ஆகிவிட்டது, படுக்கை ரிசர்வ் ஆகிவிட்டது, போயே தீர வேண்டும். மார்கழி முழுக்கச் சும்மா கிடந்ததே, அதில் போயிருக்கக் கூடாதா, மார்கழியில் தாஜ்மகால் ஓடியா போய்விடும். அந்தப் பாஸில் தட்டச்சில் அடித்திருக்கும், தான், மனைவி, பிள்ளைகள் இருவர், மணமாகாத சகோதரி ஒருவர். அந்தக் கடைசி வரியை டிக்கெட் பரிசோதகர்கள் படித்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்ப்பார்கள். மணமானால் அந்த வரி போய்விடும். வரி போனால் தூக்குச்சட்டி போய்விடும். அண்ணி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஷிஃப்ட் வேலை, கலாவுக்கு மூன்று வயது, முரளியைப் பள்ளிக்கூடத்தில் விட்டுக் கூட்டிவர ஆள் வேண்டும். கணக்கு வாத்தியார் வேண்டாம் இதற்கு, யார் வேண்டுமானாலும் போடக்கூடிய கணக்கு.

அண்ணிக்குத் தெரியுமா. படத்தில் அவள் கேமராவைப் பார்க்கவில்லை, கலாவின் மூக்கைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள். தெரிந்து செத்தாளா தெரியாமல் செத்தாளா. கடைசி எட்டு மாதம் படுக்கையில் கிடந்தாள், நான்தான் திருப்பிப் படுக்க வைத்தேன், கஞ்சி ஊட்டினேன், ஒருநாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒன்ன நான் ரொம்ப வேல வாங்கிட்டேன் வேதா" என்று அழுதாள், அதற்குக் கடுதாசிதான் அர்த்தமா, இல்லை வெறும் நோயாளி அழுகையா, இனி யாரைக் கேட்பது, மாலை போட்ட படம் பதில் சொல்லுமா. ஆனால் வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் அவள் சொல்லி வைத்த கதை ஒன்று இருக்கிறதே, "வேதாவுக்கு ஊர் சுத்துறதுன்னா உசிரு, கல்யாணம் கட்டிக்கிட்டா முடியுமா, அதான் வேணாம்னுட்டா." நானும் பக்கத்தில் நின்று காப்பி கொடுத்துக்கொண்டு தலையாட்டியிருக்கிறேன். பையனுக்கு என்னைப் பிடிக்கவில்லை என்பதைவிட எனக்குக் கல்யாணம் பிடிக்கவில்லை என்பது மரியாதையாக இருந்தது, அதனால் ஆட்டினேன். அந்தக் கதையைத்தான் இன்று யாழினியின் வீடியோவில் நான் பேச வேண்டுமாம். "ஒரே ஒரு நிமிஷம் பேசுங்க அத்தை, வீடியோல போடணும். கல்யாணமே வேணாம்னு இந்தியா பூரா சுத்துனீங்கள்ல, செம்ம கெத்து அத்தை நீங்க!" கெத்து. சுத்தினேன், ஆமாம், ஒவ்வொரு ஊர் ரயில்வே குழாயடியிலும் தூக்குச்சட்டி கழுவினேன்.

இதெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். பொறுத்துக்கொள்வேன் என்று சொல்லவில்லை, பொறுத்துக்கொள்ள மாட்டேன், ஆனால் எல்லாவற்றையும்விட எது வயிற்றைப் பற்றியெரியச் செய்கிறது என்றால் அந்தச் சிரிப்பு. யாழினி அழகு என்கிற சிரிப்பு. அன்று நான் சிரிக்கிற மனநிலையில் இல்லை. ரயில் நின்ற ஒவ்வொரு ஸ்டேஷனிலும் நாளை எண்ணிக்கொண்டு போனவள், மார்கழி பிறக்க இன்னும் ஆறு நாள், இன்னும் ஐந்து நாள். தாஜ்மகால் எதிரே படம் எடுக்கிற வடக்கத்திக்காரன் கேமராவுக்குள்ளிருந்து ஏதோ கத்தினான், ஓரத்தில் நிற்கும் பெண் உம்மென்று இருக்கிறாள் என்று கத்தியிருப்பான். அண்ணன் என் பக்கம் குனிந்து மெதுவாகச் சொன்னார். "சிரி வேதா. ஊருக்குத் திரும்பிப் போனா கடுதாசி வந்திருக்கும்." அந்த ஒரு வார்த்தைக்குத்தான் சிரித்தேன். தெத்துப்பல் முழுக்கத் தெரிய, வாயெல்லாம் பல்லாக, பஞ்சநதம் கேசரிக் கிண்ணத்தோடு எதிரே நிற்கிற மாதிரி சிரித்தேன். கடுதாசி என் தோளுக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. திரும்பிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். நான் கேமராவைப் பார்த்தேன். மார்கழி ஒன்றாம் தேதி ஊர் திரும்பி, பூட்டைத் திறந்து, கதவிடுக்கில் கிடந்த தபாலை எல்லாம் பொறுக்கி, இரண்டு தடவை புரட்டிப் பார்த்தேன். "வரலையே வேதா. அவங்களுக்குப் புடிக்கல போலருக்கு, விடு" என்றார் அண்ணன், பெட்டியை உள்ளே வைத்துக்கொண்டே. பல்தான் காரணம் என்று அன்று ராத்திரியே முடிவு பண்ணிவிட்டேன். கண்ணாடியில் பார்த்தேன், வாயை மூடிப் பார்த்தேன், திறந்து பார்த்தேன். அதற்கப்புறம் வேறு இடத்திலிருந்து வந்தபோது உடம்பு சரியில்லை என்று படுத்துக்கொண்டேன், இன்னொரு தடவை யார் முன்னாலும் வாயைத் திறந்து சிரித்துத் தோற்க எனக்குத் தெம்பு இல்லை. சிரிப்பு வந்தால் கையால் வாயைப் பொத்திக்கொள்வேன். யாழினி வெட்கம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். மற்ற பல்லெல்லாம் ஒவ்வொன்றாக விழுந்து கட்டிப் போட்டாயிற்று, இந்தத் தெத்துப்பல் மட்டும் இன்னும் ஆடக்கூட இல்லை. பாவம், அது ஒரு குற்றமும் செய்யவில்லை. நாற்பத்தொரு வருஷம் அதைத் திட்டியிருக்கிறேன்.

"அத்தை, தாத்தாவுக்குப் புதுச்சட்டை, மஞ்சள் வச்சுக் குடுங்க, அவரு குளிச்சிட்டு வந்துட்டாரு" என்று யாழினி ஒரு வெள்ளைச் சட்டையைச் சமையல் மேடையில் வைத்துவிட்டு, தலையில் சுற்றிய துண்டோடு ஓடினாள். இருபது பழமும் முடிந்தது. சாதத்தைப் புரட்டி, உப்புப் பார்த்தேன், சரியாக இருந்தது, கோபத்தில் கலந்தாலும் என் கை உப்புத் தப்பாது, அதை நினைத்தாலும் எரிச்சலாக இருந்தது. புதுத்துணி எதுவாக இருந்தாலும் உடுத்துவதற்கு முன்னால் ஓரத்தில் கொஞ்சம் மஞ்சள் வைக்க வேண்டும், வெளியே தெரியாமல் காலருக்கு அடியிலோ கீழ் மடிப்பிலோ வைப்போம், இந்த வீட்டில் அதுவும் என் வேலை, தீபாவளிக்குத் தீபாவளி, பிறந்தநாளுக்குப் பிறந்தநாள், எல்லாருடைய துணிக்கும் நான்தான் வைக்கிறேன். கையைக் கழுவினேன். சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவினேன், எண்ணெய்ப் பசை போகிற வரைக்கும், ஏனென்றால் இது சாப்பாட்டுக் கறை என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. கிண்ணத்தில் மஞ்சளைத் தண்ணீர் விட்டுக் குழைத்தேன். சட்டையை விரித்தேன். பையின் இடது மூலையில் ஒரு விரல் வைத்து அழுத்தினேன். வலது மூலையில் ஒரு விரல் வைத்து அழுத்தினேன். நன்றாகப் பற்றிக்கொண்டது. மடித்துக் கொண்டுபோய் அண்ணனின் அறை வாசலில் நாற்காலி மேல் வைத்துவிட்டு வந்து, ஏனங்களைத் துடைக்கத் தொடங்கினேன். ஒன்றும் நடக்காது, இவருக்கு ஞாபகமே இருக்காது, என்ன வேதா வெளியில் தெரிய வைத்துவிட்டாய் என்று கேட்டுவிட்டுப் போட்டுக்கொள்வார், நான்தான் பைத்தியம் மாதிரி, ஒரு ஃபிளெக்ஸைப் பார்த்துவிட்டு. பெரிய தூக்கில் சாதத்தை எடுத்து வைத்தேன். வேன்காரன் வாசலில் ஹாரன் அடித்தான்.

அண்ணன் பனியனோடு சமையலறை வாசலில் வந்து நின்றார். எப்போதும் இந்த நேரத்துக்கு உள்ளங்கையை நீட்டிக்கொண்டு வருவார், ஒரு பிடி கொடு, உப்புப் பார்க்கிறேன் என்று. இன்று கையில் சட்டை இருந்தது. என்னைப் பார்க்கவில்லை, என் விரலைத்தான் பார்த்தார். "மஞ்சள எடம் மாறி வச்சிட்டியா வேதா?" என்றார். "இல்லண்ணா. எடம் பாத்துத்தான் வச்சேன்" என்றேன். மெதுவாகத் திரும்பி ஃபிளெக்ஸைப் பார்த்தார். ஏதாவது பொய் சொல்லுங்கண்ணா என்று உள்ளே ஒருத்தி கெஞ்சினாள், யூனியன் கடுதாசி என்று சொல்லுங்கள், நான் நம்பிவிடுகிறேன், நம்பிப் பழகியவள்தானே. அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். "தை மாசமும் ஒண்ணு வந்துச்சு" என்றார். எனக்குப் புரியவில்லை. நான் ஒரு கடுதாசிதான் கண்டுபிடித்திருந்தேன். "அந்தப் பையனே எழுதியிருந்தான். எங்க கடுதாசி கெடைக்கலையோ என்னவோன்னு. அதுலயும் மஞ்சள் வச்சிருந்தான்." கரண்டியைக் கீழே வைத்தேன். "நீங்க என்ன எழுதுனீங்க?" என்றேன். "விசாலத்துக்கு அப்ப நைட் ஷிஃப்டு. புள்ளைங்க சின்னது. இந்த வருசம் போகட்டும், அப்புறம் எழுதிக்கலாம்னு..." என்று இழுத்தார். அப்புறம். அவ்வளவுதான். பெரிய சதிகூட இல்லை, ஒரு அப்புறம், திருவையாற்றில் ஒரு மனுஷன் தினமும் தபாலைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார், பொன்மலையில் நான் என் பல்லைத் திட்டிக்கொண்டு நின்றேன், நடுவில் இவர் அப்புறம் அப்புறம் என்று இருந்திருக்கிறார், இரண்டு பேரும் எங்களைப் பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு முழுசாக ஓர் ஆயுளை ஓட்டிவிட்டோம். அவருடைய கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது. அதைப் பார்த்ததும் எனக்குக் கோபம் குறையவில்லை. கூடத்தான் செய்தது. இதற்கும் நானே ஆறுதல் சொல்ல வேண்டுமோ.

"தாத்தா, இன்னும் சட்ட போடலையா! அப்படியே ஃபிளெக்ஸ் பக்கத்துல வந்து நில்லுங்க, அதே மாதிரி போஸ். அத்தை, நீங்களும் வாங்க, ஒங்க பழைய எடத்துல, ஓரத்துல. வீடியோ எடுக்குறேன், ஆக்ரா கதைய சொல்லிடுங்க, அப்புறம் கெளம்பலாம்." யாழினி போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஹாலில் நின்றாள். முரளியும் கலாவும் வாசலிலிருந்து உள்ளே வந்தார்கள். அண்ணன் அசையாமல் நின்றார். "போட்டுக்கங்கண்ணா" என்றேன். ஒவ்வொரு கையாக நுழைத்தார், பட்டன் சரியாக மாட்டவில்லை, நானே போய் மாட்டிவிட்டேன், காலரையும் சரி செய்தேன். கூட்டிக்கொண்டு போய் ஃபிளெக்ஸ் பக்கத்தில் நிறுத்தினேன், அந்தச் சட்டைப்பைக்குப் பக்கத்தில் இந்தச் சட்டைப்பை இருக்கும்படி. தூக்கை மேடையிலேயே வைத்துவிட்டு வந்திருந்தேன், கை காலியாக இருந்தது, எங்கே வைப்பது என்று தெரியவில்லை, அப்படியே தொங்கவிட்டேன். அவர் குனிந்த தலை நிமிரவில்லை. "தாத்தா, கொஞ்சம் சிரிங்க, ஒங்க பர்த்டே!" என்றாள் யாழினி. நான் அவர் பக்கம் சாய்ந்தேன், எல்லாருக்கும் கேட்கிற மாதிரியே சொன்னேன்.

"சிரிங்கண்ணா. ஊருக்குத் திரும்பிப் போனா கடுதாசி வந்திருக்கும்."

போனுக்குப் பின்னாலிருந்து யாழினி கேட்டாள், "எந்தக் கடுதாசி அத்தை?"

வாயைப் பொத்திக்கொள்ளாமல் சொல்ல ஆரம்பித்தேன்.